ஐந்து தட்டுகளுக்குள் செலியா குரூஸ்

2024-இல் அமெரிக்க நாணயச்சாலை வெளியிட்ட 25 சென்ட் காசு ஒன்றில் சல்சாப் பாடகி செலியா குரூஸ் இருக்கிறார். சல்சா என்பது கியூபா இசையிலிருந்து வளர்ந்த ஆட்ட இசை. ஒரு பக்கம் ஜார்ஜ் வாஷிங்டன். மறுபக்கம் ரும்பா என்ற கியூபா ஆட்டத்துக்கான உடையில், பல் தெரியச் சிரித்தபடி செலியா. கூடவே ‘அசூக்கார்’ என்ற அவருடைய கூவல். கியூபாவின் தலைநகரான ஹவானாவின் சாந்தோஸ் சுவாரெஸ் பகுதியில் 1925 அக்டோபர் 21-இல் ஒரு ரயில்வே தொழிலாளியின் மகளாகப் பிறந்த கறுப்பினப் பெண், கடைசிவரை ஸ்பானிய மொழியிலேயே பாடியவர், அமெரிக்கர்களின் சட்டைப்பைக்குள் சில்லறையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். மகிழ்ச்சியான விஷயம்.

அசூக்கார் என்றால் சர்க்கரை. மயாமியில் ஓர் உணவகத்தில் காப்பிக்குச் சர்க்கரை வேண்டுமா என்று பரிமாறியவர் கேட்டாராம். கியூபாக் காப்பியைச் சர்க்கரை போடாமல் குடிக்க முடியுமா என்ற வியப்பில் பிறந்தது அந்தக் கதை. முதலில் மேடையில் கதை முழுவதையும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்த ஒரு சொல்லே போதும் என்றாகிவிட்டது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த ஒருவர் அந்தச் சொல்லைக் கூவும்போது அதில் வேறொரு கனமும் இருக்கிறது என்று கேட்பவர்கள் பலர். அப்படிக் கேட்பதும் சரிதான்.

ஆனால் கூவலும், வண்ண வண்ண விக்குகளும், ஆளுயரச் செருப்பும் சேர்ந்து ஒன்றை மறைத்துவிட்டன. செலியா குரூஸ் முதலில் ஒரு தாளக்காரர். எந்த அசையை எந்தத் தட்டில் வைப்பது, எதைத் தட்டுக்கு ஒரு முடி முன்னால் தள்ளுவது என்பதுதான் அவருடைய கலை. அதைக் காதால் பிடிக்காமல் கேட்டால் அவர் வெறும் ‘உற்சாகமான பாடகி’யாக மட்டுமே தெரிவார். அந்தப் பெயரோடு அவரை விட்டுவிடுவது பெரிய இழப்பு.

பிடிக்க வேண்டியது கிளாவே. கியூபா இசையில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, இரண்டு மரக் கட்டைகளால் ஆன கருவி. இன்னொன்று, அந்தக் கட்டைகள் தட்டும் ஐந்து தட்டு. பாட்டில் யாரும் அதைத் தட்டாவிட்டாலும் அந்த ஐந்தும் ஓடிக்கொண்டே இருக்கும். வாசிப்பவர் அத்தனை பேரும் அதற்குள்தான் நிற்கிறார்கள்.

சொற்கட்டு தெரிந்தவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. பதினாறு அட்சரம். தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி. மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் தட்ட வேண்டும். 1, 4, 7, 11, 13 என்று ஐந்து தட்டு விழும். முதல் எட்டில் மூன்று, அடுத்த எட்டில் இரண்டு. சோன் என்ற கியூபா இசைவகையின் பெயரால் இதுதான் 3-2 சோன் கிளாவே. பாதியைத் திருப்பினால் 2-3. அதற்குத் ‘திமி’யில் தொடங்கி, திமி, தக, தகதிமி, தகிட, தகிட, தக என்று சொல்லிப் பார்க்கலாம். தொடக்கத் ‘திமி’யில் தட்டு கிடையாது, அது போன சுற்றின் வால். ரும்பாவுக்கு இன்னொரு கிளாவே உண்டு. அதில் மூன்றாவது தட்டு ஓர் அட்சரம் தள்ளி விழும்: தகிட, தகதிமி, தகிட, தக, தகதிமி. அந்த ஓர் அட்சரத்தில் பாட்டின் நடையே மாறிவிடுகிறது.

ஓர் அடிக்கு இரண்டு அட்சரமாக எட்டு அடிக்கு ஒரு சுற்று என்று வைத்து, வேகம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 100 அடியில் ஓடவிட்டுத் தொடங்கலாம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்து விநாடி கிடைக்கும். கை பழகியதும் 180. சல்சாவுக்குச் சாதாரணமான வேகம் அது, ஒரு சுற்றுக்கு மூன்று விநாடிகூட இல்லை. பெரும்பாலும் தவறுவது நான்காவது தட்டுக்கு முன்னால். ஏழாவதிலிருந்து பதினொன்றுக்குப் போகும் அந்த நீண்ட இடைவெளியில், குறிப்பாக ஒன்பதாவது அட்சரத்தில், எதையாவது தட்டவேண்டும் என்று கை துடிக்கும். இரண்டாம் பாதியின் சமம் அல்லவா, சும்மா விட மனம் வராது. ஆனால் அந்த வெற்றிடம்தான் கிளாவேயின் உயிர். அங்கே தட்டினால் எல்லாம் அணிவகுப்பு மேளமாகிவிடும்.

கட்டை கையில் இருந்தால் பிடிக்கும் விதமும் முக்கியம். ஒரு கையின் விரல்களை மடக்கி, உள்ளங்கையைக் கிண்ணம்போல் குழித்து, ஒரு கட்டையை அதன்மேல் கிடத்த வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ஒலி செத்துவிடும். உள்ளங்கைக் குழிதான் அதற்குக் குடம். மற்றக் கட்டையால் அதன் நடுவில் தட்ட வேண்டும். செலியா தொடக்கத்திலேயே இந்தக் கட்டையோடு மேடை ஏறியவர். ஹவானாவில் ஒரு வானொலிப் போட்டியில் ஒரு டாங்கோ பாட்டைக் கிளாவே தட்டிக்கொண்டே பாடி முதல் பரிசு வாங்கினார். பரிசு ஒரு கேக். ஆசிரியப் பயிற்சியில் இருந்த பெண் அவர். அதன்பின் பாட்டுதான் வாழ்க்கை என்று திரும்பிவிட்டது.

கிளாவே பிடிபட்ட பிறகு வரும் முதல் குழப்பம் பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கருவி. பெரும்பாலான பாட்டுகளில் பேஸைக் கேட்டால் ‘ஒன்று’ எங்கே என்று தெரிந்துவிடும். இங்கே அதை நம்பினால் வழி தவறும். தும்பாவோ என்று சொல்லப்படும் நடையில், எட்டு அட்சரத்தில் பேஸ் நான்காவதிலும் ஏழாவதிலும்தான் விழுகிறது. முதல் அட்சரத்தில் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. அதோடு, ஏழாவதில் விழும் சுரம் அடுத்த எட்டின் சுரக்கூட்டை முன்கூட்டியே கொண்டுவந்துவிடுகிறது. பேஸோடு காலைத் தட்டுகிறவர் சிறிது நேரத்தில் பாட்டுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருப்பார். காலுக்குத் துணை வேண்டுமென்றால் கோங்காவைப் பிடிக்கலாம். மூன்றாவது அட்சரத்தில் பளீரென்று ஓர் அறை, ஏழிலும் எட்டிலும் ‘தும் தும்’ என்று திறந்த ஒலி. நம் மெல்லிசைக் குழுக்களில் ‘தும்பா’ என்று சொல்லும் அதே மத்தளம்தான். அந்தப் பெயரும் கியூபாவிலிருந்து வந்ததுதான். அங்கே அது தும்பா, தும்பதோரா.

இந்த அடித்தளத்தின் மேல்தான் பாடகர். ஒரு சல்சாப் பாட்டுக்குப் பொதுவாக இரண்டு பகுதி. முதல் பகுதியில் எழுதி வைத்த வரிகள், எழுதி வைத்த மெட்டு. இரண்டாவது மொந்துனோ. பாங்கோஸ் என்ற சிறிய இரட்டை மத்தளம் வாசிப்பவர் அதைக் கீழே வைத்துவிட்டு மாட்டுமணி போன்ற கம்பானாவைக் கையில் எடுப்பார். அந்த மணிச் சத்தம் வந்ததும் மொந்துனோ தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அங்கே பின்பாட்டுக்காரர்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். அது கோரோ. ஒவ்வொரு கோரோவுக்கும் இடையில் முதன்மைப் பாடகர் அந்த இடத்திலேயே ஒரு வரி கட்டிப் பாட வேண்டும். அது சோனேயோ. நடுவில் ட்ரம்பெட்டுகளுக்கு ஓர் ஓட்டம், மறுபடி கோரோ, முடிவு.

சோனேயோ பாடுவது எவ்வளவு கடினம் என்பதற்குக் கணக்குப் போட்டாலே போதும். தொடக்கத்தில் கோரோவுக்கு இரண்டு கிளாவே சுற்று, பாடகருக்கு இரண்டு சுற்று என்று பிரிப்பது வழக்கம். 180 வேகத்தில் பாடகருக்குக் கிடைப்பது ஐந்து விநாடிக்குச் சற்று மேல். பாட்டு சூடுபிடித்ததும் கோரோவைப் பாதியாக வெட்டிவிடுவார்கள். அப்போது அவருக்கும் பாதிதான், இரண்டே முக்கால் விநாடிகூட இல்லை. அதற்குள் ஒரு பொருள், ஓர் இயைபு, மூச்சு வாங்க ஓர் இடம், அடுத்த கோரோவுக்கு வழி. ஸ்பானிய நாட்டுப் பாடல் மரபில் எட்டு அசை அடிதான் கைக்குப் பழகியது. கடைசிச் சொல்லின் அழுத்தம் இறுதி அசையில் விழுந்தால் ஏழே அசை எட்டாகக் கணக்காகும். ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் இரண்டும் ஒன்றாகக் கலந்து ஓர் அசையாகிவிடும். ‘வீதா எஸ்’ என்று எழுதியிருப்பது வாயில் ‘வீதைஸ்’ போல வந்துவிழும். ‘நாடு இல்லை’யை ‘நாடில்லை’ என்று சேர்த்துச் சொல்லிப் பழகிய தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல. ஸ்பானிய வரியைப் பாடிப் பார்க்கிறவர்கள் சொல் சொல்லாக வெட்டிப் பாடினால் அசை கூடிப்போய்த் தாளத்துக்கு வெளியே நிற்பார்கள்.

சாதாரணப் பாடகர்கள் விழுகிற குழிகள் இரண்டு. வரி நீண்டுபோய்க் கோரோவின் முதல் அசையை மிதிப்பது ஒன்று. அதைக்கூட மன்னிக்கலாம். மற்றது கிளாவேக்குக் குறுக்கே போவது. இசைக்காரர்கள் ‘குருசாதோ’ என்பார்கள். மூன்று தட்டு உள்ள பாதியில் வரவேண்டிய அழுத்தங்களை இரண்டு தட்டுப் பாதியில் வைத்துவிட்டால், வேகம் சரி, சுருதி சரி, ஆனால் கேட்பவர் உடம்பில் ஏதோ இடறும். ஆடிக்கொண்டிருப்பவர்களின் கால்தான் அதை முதலில் கண்டுகொள்ளும்.

செலியா இந்த இரண்டு குழியிலும் விழாதவர் என்று சொல்வதோடு நிறுத்தினால் அது குறைவான பாராட்டு. அவர் விளிம்பில் நடப்பவர். கோரோ முடிந்ததும் உடனே பாயாமல் ஒன்றிரண்டு அட்சரம் விட்டுவிட்டு உள்ளே வருவார். தாமதம் போலத் தோன்றும். ஆனால் வரியின் கடைசி அசை மட்டும் கிளாவேயின் தட்டில் ஆணி அடித்ததுபோல் உட்காரும். சொல் போதாத இடத்தில் பொருளற்ற தாளச் சொற்களை உருட்டுவார், நட்டுவனார் ஜதி சொல்வதுபோல. 1974-இல் இசைக்குழுத் தலைவர் ஜானி பச்சேகோவோடு வெளிவந்த இசைத்தட்டின் ‘கிம்பாரா’வில் பாட்டின் பெயரே அப்படிப்பட்ட ஒரு ஜதிதான். ஹூனியர் செபேதா என்ற போர்ட்டோரிக்கோ இளைஞர் இயற்றியது. மெய்யெழுத்துகள் ஒவ்வொன்றும் தோலில் விழும் விரல்போலக் கேட்கும். அந்த வேகத்தில் ஓர் எழுத்தும் மழுங்காமல் சொல்லும் நாக்கு மிகச் சிலருக்குத்தான் வாய்த்திருக்கிறது.

‘அசூக்கார்’ எங்கே விழுகிறது என்பதையும் கவனிக்கலாம். கூட்டத்தை உசுப்ப எங்கு வேண்டுமானாலும் கத்துவதில்லை அவர். பெரும்பாலும் வாத்தியங்கள் ஒரு கணம் நிற்கும் வெட்டில், அல்லது சோனேயோ முடிந்து மிஞ்சிய சின்ன இடத்தில் அது போய் உட்காரும். சொல்லின் கடைசி அசை நீண்டு, அடுத்த பகுதிக்குக் கதவு திறக்கும்.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்குரலில் தாழ்ந்த வகை, கான்ட்ரால்டோ. மார்பிலிருந்து வரும் கனம், வெண்கலத்தை ஒத்த பளபளப்பு. அன்றைய ஆண் பாடகர்களின் சுருதிக்கு எழுதிய இசைக்குறிப்பை ஒரு பெண் அப்படியே எடுத்துப் பாட முடியாது. நான்கைந்து சுரம் ஏற்றி இறக்கினால் ட்ரம்பெட்டுகள் மூச்சுத் திணறும் உயரத்துக்குப் போகும், அல்லது மங்கிப்போகும் ஆழத்துக்கு இறங்கும். எனவே புதிதாக எழுதியாக வேண்டும். பாடகிகளுக்கு வாய்ப்புக் குறைந்ததற்கு ஆணாதிக்கம் முதல் காரணம் என்றாலும், ‘யார் திரும்ப எழுதுவது, யார் காசு கொடுப்பது’ என்ற இந்தச் சோம்பலுக்கும் அதில் பங்கு உண்டு.

1950 ஆகஸ்டில் அவர் சேர்ந்த லா சோனோரா மதான்செரா அன்றைக்கே கால் நூற்றாண்டு கண்ட குழு, 1924-இல் மதான்சாஸ் நகரில் தொடங்கியது. போர்ட்டோரிக்கோவின் மிர்த்தா சில்வா விட்டுப்போன இடம் அது. நேயர்களுக்குப் பழைய குரல் பழகிவிட்டிருந்தது. புதியவர் வேண்டாம் என்று வானொலிக்குக் கடிதங்கள் வந்தன. ஒரு பெண் பாடும் ரும்பா இசைத்தட்டு விற்காது என்றார் அமெரிக்க இசைத்தட்டு அதிகாரி ஒருவர். குழுவின் தலைவர் ரொகேலியோ மார்த்தினெஸ் அசையவில்லை. தட்டு விற்காவிட்டால் செலியாவுக்கான பணத்தைத் தானே தருவதாக வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை நிறைவேற்ற வேண்டிய நிலையே வரவில்லை. 1957-இல் ‘புருந்தாங்கா’ பாட்டுக்கான தங்க இசைத்தட்டை வாங்க செலியா நியூயார்க் போனார்.

அந்தக் காலத்துப் பதிவுகளில் ‘யெர்பேரோ மொதேர்னோ’வைத் தவறவிடக் கூடாது. மூலிகை விற்பவரின் தெருக்கூவல் அது. இந்த வகைக்குப் பிரெகோன் என்று பெயர். பச்சிலை இன்னதுக்கு, வேர் இன்னதுக்கு என்று கூவிக்கொண்டே போகும் வியாபாரியின் குரல் ஏற்ற இறக்கம் பாட்டாகிறது. செலியாவின் உச்சரிப்புத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இதைக் கேட்கச் சொல்லலாம். தெருவில் கூவுகிறவர் சொல் புரியாவிட்டால் பொருள் விற்காது.

1960 ஜூலை 15 அன்று சோனோராவோடு மெக்சிகோவுக்குப் புறப்பட்டார். கியூபாவின் புதிய அரசு பிறகு அவரைத் திரும்ப விடவில்லை. 1962-இல் தாய் இறந்தபோது முகம் பார்க்கவும் போக முடியவில்லை. அதே ஆண்டில்தான் குழுவின் ட்ரம்பெட் கலைஞர் பெத்ரோ நைட்டை மணந்தார். 1990-இல் குவாந்தனாமோவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் பாடப்போனபோது அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து வைத்திருந்தார். 2003 ஜூலை 16-இல் நியூஜெர்சியில் மறைந்த அவரைப் பிராங்க்ஸின் உட்லான் கல்லறையில் வைத்தபோது அந்த மண்ணும் உடன் போனது. இந்த வலியை அறிந்த பிறகு அவருடைய கொண்டாட்டப் பாட்டுகளைக் கேட்டால், அந்த மகிழ்ச்சி இலேசில் வந்ததல்ல என்பது விளங்கும்.

நியூயார்க்கில் முதல் சில ஆண்டுகள் எளிதாக இல்லை. 1966 முதல் டீட்டோ புவெந்தேயின் பெரிய வாத்தியக் குழுவோடு இசைத்தட்டுகள் போட்டார். இசை தரமானது, விற்பனைதான் மந்தம். அந்தத் தட்டுகளில் பித்தளை வாத்தியங்கள் சுவர்போல எழுந்து நிற்கின்றன. குரல் அதன் மேல் ஏறி நின்று பாட வேண்டியிருக்கிறது. பச்சேகோ 1974-இல் செய்தது எதிர்மாறு. இளமையில் சோனோராவைக் கேட்டு வளர்ந்த அவர், அதே சிறிய குழு அமைப்புக்கு, ட்ரம்பெட்டுகள் குரலுக்கு இடம்விட்டு இடையிடையே மட்டும் பேசும் நடைக்குத் திரும்பினார். செலியாவுக்கு அது பிறந்த வீடு மாதிரி. ஏறக்குறைய ஐம்பது வயதில், புதிய தலைமுறை அவரைக் கண்டெடுத்தது அந்த இசைத்தட்டில்தான். அதே ஆண்டு ஜயரின், அதாவது இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின், கின்ஷாசாவில் ஃபானியா ஆல் ஸ்டார்ஸ் குழுவோடு பாடிய படப்பதிவு கிடைக்கிறது. மேடை முழுக்க ஆண்கள், நடுவில் அவர். குழுவை அவர் கையாலும் இடுப்பாலும் நடத்துவதைப் பார்க்கவே அதைப் பார்க்கலாம்.

அவருக்கு முன்னால் யாருமே இல்லை என்பதுபோல் எழுதுவது நியாயமல்ல. மச்சீத்தோவின் குழுவில் பல பத்தாண்டுகள் பாடிய கிராசியேலா இருந்தார். புவெந்தேயோடு செலியாவுக்கு முன்பே புகழ் கண்ட லா லூப்பே இருந்தார். மேடையில் அழுது, செருப்பைக் கழற்றி எறிந்து, உடம்பையே பாட்டாக்கியவர். லா லூப்பேயில் உணர்ச்சி தாளத்தை உடைத்துக்கொண்டு வெளியே பாயும். செலியாவில் எவ்வளவு உணர்ச்சியானாலும் தாளத்துக்குள்தான் கொதிக்கும். இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டால் இருவருமே நன்றாகப் புரிவார்கள்.

உடை பற்றி ஒரு வார்த்தை. ‘பாத்தா குபானா’ என்ற அந்த உடையின் கைகளில் அடுக்கடுக்காகச் சுருக்கம், பின்னால் நீண்ட தோகை. ஆடும்போது தோகையை ஒரு கையில் அள்ளி, காலால் ஒதுக்கித் திரும்ப வேண்டும். தவறினால் தானே மிதித்து விழ நேரும். மெக்சிகோவின் செருப்புக் கலைஞர் ஒருவர் செய்துகொடுத்த, குதிகால் கட்டை இல்லாத உயரச் செருப்பை மாட்டிக்கொண்டு அதையும் சமாளித்தார். இரண்டும் இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த அலங்காரத்துக்குள் ஒரு தெளிவான முடிவு இருந்தது. கறுப்பான, வடிவழகிப் போட்டிக்கு ஏற்றவர் அல்ல என்று ஒதுக்கப்பட்ட ஒரு பெண், கண்ணை எடுக்க முடியாதபடி தன்னைத் தானே அமைத்துக்கொண்டார்.

புதிதாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் 1998-இன் ‘லா வீதா எஸ் உன் கார்னவால்’ பாட்டில் தொடங்குகிறார்கள். தொடங்கலாம், நல்ல பாட்டு. ஆனால் பயிற்சிக்கு ‘பெம்பா கொலோரா’தான் சரி. அதில் கோரோ மிகச் சிறியது, சோனேயோவுக்கு இடம் தாராளம். நேரடி மேடைப் பதிவு ஒன்றை எடுத்து மூன்று முறை கேட்க வேண்டும். முதல் முறை கையில் கிளாவே மட்டும், பாட்டைப் பொருட்படுத்தாமல். எந்தப் பாதியில் மூன்று, எந்தப் பாதியில் இரண்டு என்று கண்டுபிடிக்கும்வரை இரண்டு விதமாகவும் தட்டிப் பார்க்கலாம். தவறான பக்கம் என்றால் பியானோவோடு கை சண்டை போடும். இரண்டாம் முறை கோரோவை மட்டும் வாய்விட்டுப் பாடிக்கொண்டு, அவர் வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் எவ்வளவு தாமதித்து நுழைகிறார் என்பது அப்போதுதான் உடம்பில் உறைக்கும். மூன்றாம் முறை அவருடைய வரிகளின் கடைசி அசையை மட்டும் கேட்டுக்கொண்டே, அது விழும்போது கட்டையும் விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.